பத்திரிகையை விட்டுத் தூதரகத்துக்கு: டுமிசானி குமாலோ போன வழியில் போகலாமா?

சாட்ஸ்வொர்த் தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு வட்டாரப் பத்திரிகையில் நிருபராக இருக்கிறேன். மாநகராட்சிக் கூட்டம், போலீஸ் ஸ்டேஷன், காவடித் திருவிழா, பள்ளிக்கூடத் தகராறு எல்லாம் என் தலையில்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தொங்காட் குடிநீர் நிலையம் பாழானது. அதன் பிறகு மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்ற சனங்களைப் பற்றி வாராவாரம் எழுதினேன். இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை.

ஆனால் ஆபீஸில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறை பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. அம்மா தஞ்சாவூர்க்காரர், தமிழ் சொல்லிக்கொடுக்க இங்கே வந்தவர். நான் தமிழில் எழுதுவதும் அவர் புண்ணியம். அவர் "தாராளமாப் போ" என்கிறார். எங்கள் ஆசிரியரோ, "போனா அப்புறம் உன் வாய் உன்னோடது இல்ல. குமாலோ கதையைப் படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்கிறார்.

டுமிசானி குமாலோ பத்து வருஷம் ஐ.நா.வில் நம் தென்னாப்பிரிக்காவின் தூதராக இருந்தவர், அதற்கு முன் பத்திரிகையாளர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிருபராக இருந்தது அவருக்கு அங்கே உதவியதா? தூதரான பிறகு எதை இழந்தார்?

லெனேசியா அக்கா:

தம்பி, ஜோஹானஸ்பர்க்கில் ஒரு நாளிதழில் பிரதி திருத்தும் மேசையில் பல வருஷம் இருந்தவள் நான். குமாலோவோடு பழகியதில்லை. ஆனால் அவர் நியூயார்க்கில் பேசியதெல்லாம் ஏஜென்சிச் செய்தியாக ராத்திரி என் மேசைக்குத்தான் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

1947-ல் பிறந்தவர். கோல்டன் சிட்டி போஸ்ட், டிரம், சண்டே டைம்ஸ் மூன்றிலும் எழுதியவர். இன்றைக்கு டர்பனில் நம் சனங்கள் வாங்குகிற போஸ்ட் பத்திரிகைக்குப் பூர்வீகம் அந்த கோல்டன் சிட்டி போஸ்ட்தான். 1955-ல் ஜிம் பெய்லி தொடங்கியது. ஆகவே அவர் ஒன்றும் உனக்கு அந்நியர் இல்லை. 1970களில் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கத்தை, கறுப்பினத்தவரைப் பிரித்து ஒடுக்கிய வெள்ளையரின் இனஒதுக்கல் அரசு 1977 அக்டோபர் 19 அன்று தடை செய்தது. கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோ போலீஸ் காவலில் இறந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. அதே நாளில் வேர்ல்டு பத்திரிகையையும் மூடி, அதன் ஆசிரியர் பெர்சி கொபோசாவை உள்ளே போட்டார்கள். இன்றும் அந்தத் தேதிதான் நம் நாட்டில் பத்திரிகைச் சுதந்திர நாள். குமாலோ நாட்டை விட்டு வெளியேறியதும் அந்த 1977-ல்தான்.

இதற்கு அப்புறம் வருகிற பகுதியைத்தான் உன் ஆசிரியர் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர், 1979-லிருந்து சுமார் பதினெட்டு வருஷம் 'அமெரிக்கன் கமிட்டி ஆன் ஆப்பிரிக்கா' என்ற சிறிய அமைப்பில் வேலை பார்த்தார். கையில் பதவி கிடையாது, பின்னால் ஓர் அரசாங்கமும் கிடையாது. ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக, மாநிலச் சட்டமன்றங்களின் குழுக்கள் முன்னால் போய்ப் பேசுவதுதான் வேலை. அமெரிக்க மாநிலங்கள் ஆசிரியர், அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைக் கம்பெனிப் பங்குகளில் போட்டுவைக்கும். அந்தக் கம்பெனிகளில் பல, இனஒதுக்கல் அரசு ஆண்ட தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தின. "அந்தப் பங்குகளை விற்றுவிடுங்கள்" என்பதுதான் கோரிக்கை.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம் ஊர்ப் பெயர்கூடத் தெரியாத ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் போய், அவர் ஊர் ஆசிரியையின் பென்ஷனுக்கும் சொவேட்டோ போலீஸ்காரன் ஓட்டுகிற வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சில நிமிஷத்தில் புரியவைக்க வேண்டும். யாருடைய பணம், எந்தக் கம்பெனி, அது இங்கே எதை விற்கிறது, யாருக்கு விற்கிறது, இதெல்லாம் நிருபர் கேட்கிற கேள்விகள். கறுப்பினத்தவர் கையோடு வைத்திருக்க வேண்டிய அடையாளப் புத்தகமான பாஸ் புத்தகத்தில் ஒட்டும் போட்டோவுக்குப் போலராய்ட் கம்பெனியின் கேமரா உதவியதை 1970-ல் வெளியே கொண்டுவந்தவர்கள், அதே கம்பெனியில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள். 1977-ல் போலராய்ட் இங்கிருந்து விலகியது. இப்படித் தகவல் ஒவ்வொன்றாகச் சேர்த்து வளர்ந்த இயக்கம் அது.

1983 தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலம், ஆளுநர் மறுத்தும் கேட்காமல், ஓய்வூதிய நிதியை விலக்கச் சட்டம் போட்டது. 1986-ல் கலிஃபோர்னியா. அதே ஆண்டு அக்டோபரில் ரீகனின் வீட்டோவை அமெரிக்கக் காங்கிரஸே தள்ளிவிட்டு நம் மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அது குமாலோ ஒருவரின் சாதனை அல்ல. அதே அமைப்பை நடத்திய ஜென்னிஃபர் டேவிஸ், மாணவர்கள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள் என்று எத்தனையோ பேர். ஆனாலும் அந்த மாநில, நகர வேலையை முன்நின்று நடத்தியவர்களில் அவர் முக்கியமானவர். என்னைக் கேட்டால் அவர் செய்த மிகப் பெரிய ராஜதந்திர வேலை அதுதான், தூதர் என்ற பட்டம் வருவதற்கு முன்பே செய்தது.

1997-ல் திரும்பி வந்து வெளியுறவுத் துறையில் அமெரிக்கப் பிரிவைப் பார்த்தார். 1999-லிருந்து 2009 வரை ஐ.நா.வில் நிரந்தரப் பிரதிநிதி. 2006-ல் வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-77-க்குத் தலைமை. 2007, 2008 இரண்டு ஆண்டும் தென்னாப்பிரிக்கா பாதுகாப்பு மன்றத்தில் முதல்முறையாக உட்கார்ந்தது. அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். உதவியதா என்று கேட்டாயே, கட்டாயம் உதவியது. மன்ற அறைக்கு வெளியே மைக் வைத்து நிருபர்கள் காத்திருப்பார்கள். பல தூதர்கள் தலையைக் குனிந்தபடி நடந்துவிடுவார்கள். குமாலோ நின்று பேசுவார். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே தலைப்புக்குப் போடலாம்.

இழந்தது என்ன என்பதற்கு ஒரு தேதி போதும்: 2007 ஜனவரி 12. மன்றத்துக்குள் நுழைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பர்மா பற்றி அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. அரசியல் கைதிகளை விடு, சிறுபான்மையினர் ஊர்களில் பொதுமக்கள் மேல் நடக்கும் ராணுவத் தாக்குதலை நிறுத்து என்று கேட்ட தீர்மானம். அங்கே ஜனநாயகத்துக்குப் போராடிய தலைவி ஆங் சான் சூ கி அப்போது வீட்டுக் காவலில். ஆதரவு 9. இந்தோனேசியா, கத்தார், காங்கோ மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிராகக் கை தூக்கியவை சீனா, ரஷ்யா, அப்புறம் தென்னாப்பிரிக்கா.

சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டுவிட்டதால் நம் கை இல்லாமலே தீர்மானம் தோற்றிருக்கும். எண்ணிக்கைக்குத் தேவைப்படாத ஒரு வாக்கை எதற்குப் போட்டோம்? அந்த ராத்திரி செய்தியைத் திருத்தும்போது எனக்கு ஆறவில்லை. குமாலோ சொன்ன காரணங்கள் மூன்று. ஐ.நா. பொதுச்செயலாளர் சார்பில் நடக்கும் சமரச முயற்சிக்கு இது இடைஞ்சல். மனித உரிமை விவகாரத்துக்கு ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் இருக்கிறது. பர்மாவின் அண்டை நாடுகளே இதை அமைதிக்கு ஆபத்து என்று சொல்லவில்லை. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்.

முடிவு எடுத்தது பிரிட்டோரியா. தாபோ எம்பெக்கி ஜனாதிபதி, ங்கோசசானா ட்லாமினி-சூமா வெளியுறவு அமைச்சர். ஆனால் உலகம் பார்த்தது குமாலோவின் கையை. உன் ஆசிரியர் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

பர்மாக்காரர் பேரன்:

அக்கா, அந்த வாக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். ராணுவத் தளபதி நே வின் ஆட்சி வந்து கடையை எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு சியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா பெட்டியில் இருந்தது முக்கால்வாசி நூறு சியாட் நோட்டு. கப்பலேறும்போது பாட்டி காதில் இருந்த தோட்டைக் கழற்றச் சொல்லி, சோதனை செய்தவன் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தானாம். பாட்டி சாகும்வரை அந்தக் காதில் வேறு நகை போடவில்லை. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில்தான் எங்கள் குடும்பம் மறுபடி தலையெடுத்தது. நான் வேலைக்காக ஜோஹானஸ்பர்க் பக்கம் மிட்ராண்டுக்கு வந்தவன்.

தாத்தாவின் தம்பி குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 2007 செப்டம்பரில் புத்த பிக்குகள் தெருவில் இறங்கியபோது ராணுவம் சுட்டது. 27-ஆம் தேதி ரங்கூனில் கென்ஜி நகாய் என்ற ஜப்பானிய நிருபரைக் கையில் கேமராவோடு சுட்டுக் கொன்றார்கள். ஜனவரியில் எதிர்த்துக் கை தூக்கியவர் ஒரு பழைய பத்திரிகையாளர். செப்டம்பரில் தெருவில் விழுந்து கிடந்தவரும் பத்திரிகையாளர். இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பத்திரிகையிலேயே இருங்கள்.

உம்பிலோ ஐயா:

பேரன், உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த வாக்கை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பிரிட்டோரியா அப்படி யோசித்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1974 அக்டோபர் 30 அன்று, இனஒதுக்கல் அரசை ஐ.நா.விலிருந்தே வெளியேற்ற வந்த தீர்மானத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து வீட்டோ செய்தன. கட்டாய ஆயுதத் தடை வர 1977 நவம்பர் ஆனது. அந்த மன்றம் பெரிய நாடுகளின் கைக்கருவி என்ற சந்தேகம் எம்பெக்கி தலைமுறைக்கு ரத்தத்தில் ஊறியது. எல்லா விவகாரத்தையும் வீட்டோ அதிகாரமுள்ள அந்த ஐந்து நாடுகளின் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பது அவர்கள் மனதார நம்பிய வாதம். குமாலோவும் நம்பித்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

தம்பி, நம்மவர் ஒருவரையும் சொல்கிறேன். ஜி. பார்த்தசாரதி, தில்லியில் எல்லாரும் ஜி.பி. என்பார்கள். சென்னை 'இந்து' நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவர், பிறகு பி.டி.ஐ. செய்தி நிறுவனத்துக்காக லண்டனில். ரஞ்சிக் கோப்பையில் சென்னை மாகாணத்துக்கு ஆடியவரும்கூட. 1954-ல் கம்போடியாவிலும் அடுத்து வியட்நாமிலும் சர்வதேசக் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தலைவர். பிறகு ஜகார்த்தா, பீஜிங், பாகிஸ்தான். 1965-லிருந்து 1968 வரை ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதி. அதன் பின் தில்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி அவரைத்தான் கொழும்புக்கு அனுப்பினார். ஜெயவர்த்தனாவிடமும் அமிர்தலிங்கத்திடமும் மாறி மாறிப் பேசி 'இணைப்பு சி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மாகாண அளவில் அதிகாரப் பகிர்வு. 1984 முழுக்க அனைத்துக் கட்சி மாநாடு நடந்தும் அது நிறைவேறவில்லை. இந்திரா மறைந்தார், பேச்சு வேறு ஆட்கள் கைக்குப் போனது. அதற்குப் பின் அங்கே எத்தனை உயிர் போயிற்று என்று நமக்குத் தெரியும். ஜி.பி. தோற்ற தூதர் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டு, இரண்டு பேரும் கையில் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரு தாளை எழுதிக் கொடுத்தார். அது பத்திரிகையாளன் வேலை. அதில் கையெழுத்துப் போடாதது அரசியல்வாதிகளின் குற்றம்.

லெனேசியா அக்கா:

பேரன், பாட்டியின் தோட்டைப் பற்றி எழுதியதற்கு நன்றி. 2007-ல் எங்கள் செய்தியில் இதெல்லாம் வரவில்லை. ரங்கூனில் இந்தியர்கள் இருந்தார்கள் என்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

உம்பிலோ ஐயா, 1974 பற்றிச் சொன்னது சரி. ஆனால் இன்னும் பின்னால் போங்கள். 1946 ஜூன் 13. நீங்கள் இருக்கும் உம்பிலோ ரோடும் கேல் தெருவும் சேரும் மூலையில், காலி மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்கள் யார்? இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 'கெட்டோ சட்டத்தை' எதிர்த்து, டாக்டர் மான்டி நாயக்கர் தலைமையில் நம் ஆட்கள். வெள்ளைக்காரக் குண்டர்கள் கூடாரத்தைப் பிய்த்து எறிந்தார்கள். மறுபடி போய் உட்கார்ந்தார்கள். ஆணும் பெண்ணுமாகச் சிறைக்குப் போனார்கள்.

அந்த விவகாரத்தை இந்தியா ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனபோது அப்போதைய தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் நேரில் வந்து என்ன சொன்னார்? இது எங்கள் உள்நாட்டு விஷயம், இந்த அவைக்கு இதில் வேலை இல்லை என்றார். இந்தியக் குழுவின் தலைவி விஜயலட்சுமி பண்டிட் அதற்கு எதிராக வாதாடினார். நம் தரப்பை எடுத்துச் சொல்ல ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் டாக்டர் க்ஸூமா நியூயார்க் போயிருந்தார். 1946 டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் இந்தியாவின் தீர்மானம் நிறைவேறியது. இனஒதுக்கலுக்கு எதிராக உலகம் திரும்பிய நெடும்பயணத்தில் முதல் அடி அது.

'இது இந்த அவைக்கு உரிய விஷயம் இல்லை' என்ற வாதத்தால் அடிபட்டவர்கள் நாம். அறுபது வருஷம் கழித்து அதே வாதத்தைப் பர்மாவுக்குத் திருப்பிச் சொன்னோம். பொதுச்சபை வேறு, பாதுகாப்பு மன்றம் வேறு, சட்ட நுணுக்கம் எனக்கும் தெரியும். ஆனால் சிறைக்குள் இருக்கிறவளுக்கு அந்த நுணுக்கத்தால் என்ன பயன்? நிருபர் குமாலோ அந்த மன்ற வாசலில் மைக்கோடு நின்றிருந்தால் தூதர் குமாலோவிடம் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி இதுதான். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 2007 அக்டோபர் 11 அன்று பிக்குகள் மேல் நடந்த வன்முறையைக் கண்டித்து மன்றம் ஒருமனதாகத் தலைவர் அறிக்கை வெளியிட்டது. அதற்குத் தென்னாப்பிரிக்காவும் உடன்பட்டது. 2008 ஜூலையில் ஜிம்பாப்வே மேல் தடை விதிக்க வந்த தீர்மானத்தை மறுபடி எதிர்த்தோம். 2018 நவம்பரில் பர்மாவின் ரோஹிங்கியா முஸ்லிம்கள் பற்றிய ஐ.நா. வாக்கெடுப்பில் முதலில் ஒதுங்கி நின்றோம். இங்கே கண்டனம் கிளம்பியதும் அப்போதைய வெளியுறவு அமைச்சர் லிண்டிவே சிசுலு நிலையை மாற்றி, பொதுச்சபையில் ஆதரவாக வாக்களிக்கச் செய்தார். அந்தக் கண்டனத்தை எழுப்பியதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு, தம்பி. குமாலோ இறந்தது 2019 ஜனவரி 20.

பேரன் 'பத்திரிகையிலேயே இரு' என்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல நிருபர்கள் யாரும் அந்த வேலைக்குப் போகாவிட்டால், வாளியோடு தண்ணீருக்கு நின்றவளை நேரில் பார்த்திராதவர்கள் மட்டும்தான் அந்த நாற்காலிக்குப் போவார்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி:

அக்கா, ஐயா, பேரன் அண்ணா, மூவருக்கும் நன்றி. உம்பிலோ ரோடு மூலையைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறேன், அங்கே இவ்வளவு நடந்தது இன்றைக்குத்தான் தெரியும். ஒரு சந்தேகம். மனசாட்சிக்கு ஒப்பாத ஒரு வாக்கைப் போடச் சொல்லிப் பிரிட்டோரியாவிலிருந்து உத்தரவு வந்தால் தூதர் என்ன செய்ய முடியும்? மறுக்க முடியுமா?

லெனேசியா அக்கா:

உத்தரவு வருவதற்கு முன்னால் நிறையச் செய்யலாம். அங்கிருக்கிற தூதர்தான் தலைநகரத்துக்கு நிலவரம் எழுதி அனுப்புகிறவர். 'இந்த வாக்கைப் போட்டால் இன்னது நடக்கும், நம் வரலாற்றோடு இது இடிக்கும்' என்று எழுதலாம், போனில் சண்டை போடலாம். அந்தக் கடிதங்கள் வெளியே தெரியாது, பெயரும் கிடைக்காது. உன் பெயர் போட்டுச் செய்தி வரும் வேலையிலிருந்து போகிறவனுக்கு இது பழகச் சிரமம். உத்தரவு வந்துவிட்டால் இரண்டே வழி. கை தூக்குவது, இல்லை ராஜினாமா. 1968 அக்டோபரில் மெக்சிகோவில் மாணவர்களைச் சுட்டபோது, தில்லியில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் பதவியைத் தூக்கி எறிந்தார். அப்படிச் செய்கிறவர்கள் அபூர்வம்.

பயிற்சிக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே போவது ஒரு வழி. நம் அரசியல் சட்டப்படி தூதரை நியமிப்பது ஜனாதிபதி. அதனால் வெளியிலிருந்து நேராகத் தூதராகப் போகிறவர்களும் உண்டு. நீ முதல் வழியில் போனால் பல வருஷம் மற்றவர்கள் பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பாய். உன் கைக்கு வாக்கு வருவதற்குள் உனக்கு நாற்பது தாண்டிவிடும்.

விண்ணப்பம் போடு. போடுவதற்கு முன் ஐ.நா. இணையதளத்தில் பாதுகாப்பு மன்றத்தின் 5619-வது கூட்டக் குறிப்பை எடுத்துப் படி. அன்றைக்குப் பர்மா பற்றி ஒவ்வொரு நாடும் பேசியது அதில் அப்படியே இருக்கிறது. குமாலோவின் பேச்சைப் படித்துவிட்டு, அந்த நாற்காலியில் நீ இருந்தால் பிரிட்டோரியாவுக்கு முந்தின நாள் என்ன எழுதி அனுப்பியிருப்பாய் என்று ஒரு பக்கம் எழுது. இங்கேயே போடு. பேரனும் பார்க்கட்டும், நான் திருத்தித் தருகிறேன்.

பர்மாக்காரர் பேரன்:

போடுங்கள் தம்பி, படிக்கிறேன். கோபம் குறையவில்லை, ஆனாலும் படிக்கிறேன். தாத்தாவின் தம்பி மகன் ரங்கூனிலிருந்து 2007-ல் எழுதிய கடிதங்கள் சென்னை வீட்டில் இருக்கின்றன. பெயரை மறைத்து, தேவையான பகுதியைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதும்போது உங்களுக்கு உதவும்.